இரண்டு பூட்டன்மாரைத் தேடிக் கியூவுக்குப் போன செவ்வாய்க்கிழமை

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய ஆவணக் காப்பகத்துக்கு எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு தடவைதான். 1993 மே மாதம், ஒரு கலியாணம் நின்றுபோகாமல் இருப்பதற்காகப் போனேன். வழியையும் சொல்கிறேன், கதையையும் சொல்கிறேன்.

அப்போது கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், மினிகேப் என்ற வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தேன். என்னோடு ஓடியவர்கள் யூசுப், ஜாமா. இருவரும் ஐம்பதைத் தாண்டிய சோமாலியர். யூசுப்பின் மகளுக்கும் ஜாமாவின் மகனுக்கும் அடுத்த மாதம் கலியாணம், மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜாமா, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உங்கட பூட்டன் வெள்ளைக்காரன்ர கடதாசியில அடையாளம் போட்ட ஆள்தானே."

யூசுப் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட பூட்டன் சுல்தானோட நிண்டு சண்டை பிடிச்சவர். கடதாசியைக் காட்டும். காட்டினால்தான் கலியாணம்."

(அவர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் மூன்று வருஷத்தில் 'ஓம்', 'அண்ணை' எல்லாம் என்னிடம் பழகிவிட்டதால், என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

அது ஏன் அவ்வளவு பெரிய சொல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. யூசுப்தான் விளக்கினார். ஏடன் குடாவின் தென்கரையில் அவர்களுடைய குலத்துக்கு ஒரு சுல்தான் இருந்தார். 1880களில் பிரித்தானியர் வந்து ஒவ்வொரு குலத்தோடும் தனித்தனியாகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சிலுவைக்குறி போட்டார்கள். பிறகு உள்நாட்டில் தெர்விஷ் போராளிகள் எழும்ப, சில குலங்கள் அவர்களோடு நின்றன, சில வெள்ளைக்காரரோடு நின்றன. இவர்களுடைய சுல்தான் வெள்ளைக்காரரை எதிர்த்து நின்றவர். 1920இல் விமானத்திலிருந்து குண்டு போட்டுத்தான் அதை முடித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்ற கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

என்னை நடுவராகத் தெரிந்தெடுத்தார்கள். "உமக்குத்தான் குலம் கோத்திரம் ஒண்டும் இல்லை" என்றார் ஜாமா. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் என் சட்டைப் பையிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதிய கடிதம் இருந்தது. லண்டன் செவன் கிங்ஸில் ஒரு பொடியன், அக்காவின் மகளுக்குப் பேசுகிறார்கள், அவனுடைய ஆட்கள் யார், எந்தப் பகுதி, அதாவது என்ன சாதி என்று பூட்டன் வரைக்கும் விசாரித்து எழுதச் சொல்லியிருந்தா. நானும் ஒரு மாதமாக விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதரைக்குப் பிறகு மலிவான ஒருநாள் சீட்டு எடுத்தோம். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் இரண்டாவது தரிப்பு, நாலு நிமிஷம். அங்கே மாறி, ரிச்மண்ட் போகும் ரயிலில் ஏறினால் கியூ கார்டன்ஸ் ஒரு மணித்தியாலம். நகரத்தின் வடபுறத்தைச் சுற்றிக்கொண்டு, வீடுகளின் பின்வளவுகளையும் காயப்போட்ட உடுப்புகளையும் பார்த்துக்கொண்டு போகிற வழி. யூசுப் ஒரு யன்னலில், ஜாமா எதிர் யன்னலில், நடுவில் நான். என் மனைவி கட்டித் தந்த ரொட்டியை இருவரும் என் மடியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

நிலையத்திலிருந்து காப்பகம் பத்து நிமிஷ நடை. வாசிப்பு அட்டை இலவசம். படிவத்தில் கடைசிப் பெயர் என்ன என்று மேசையில் இருந்த பெண் கேட்டார். யூசுப் தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன், பூட்டன் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் வழியை இருபது தலைமுறைக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார்கள். ஒன்பதாவது பெயரில் அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டார். "கடைசி வர இன்னும் கனபேர் இருக்கினம்" என்றார் யூசுப், உதவி செய்கிற நினைப்பில்.

அட்டவணை தேடி, சீட்டு எழுதிக் கொடுத்து, ஆவணக் கட்டு வந்து சேர முக்கால் மணித்தியாலம். நான் வாசிக்க, அவர்கள் இருவரும் என் தோளுக்கு மேலால் பார்த்தார்கள். ஒப்பந்தத்தின் கீழே பதினாலு பெயர், பதினாலு சிலுவைக்குறி. ஆறாவது: லிபான் கூலேத் ரோப்லே. யூசுப்பின் பூட்டன்.

யூசுப் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வென்றுவிட்ட ஜாமாவின் முகத்திலும் சந்தோஷத்தைக் காணவில்லை.  இப்படிக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கவே கூடாது என்று நினைத்தபடி, சும்மா விரலைக் கீழே இறக்கினேன். எட்டாவது பெயர் ஜாமாவின் வாயில் எப்போதோ கேட்டது போல இருக்க, அங்கே நின்றேன்.

"ஜாமா அண்ணை, உங்கட தகப்பன் வழியை ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். பூட்டன் வர்சமே, அவருடைய தகப்பன் எல்மி, அவருடைய தகப்பன் ஷிர்வா. பேப்பரிலும் அதே மூன்று பெயர், அதே வரிசை. ஜாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கட்டு பல வருஷம் பிந்தியது. கரையோரத்தில் இருந்த ஓர் அதிகாரியின் அறிக்கை. முன்பு கைச்சாத்திட்ட பெரியவர்கள் சிலர் சுல்தானோடு சேர்ந்து மலைக்குப் போய்விட்டார்கள், இவர்களை இனி எதற்கும் நம்பக்கூடாது என்று எரிச்சலோடு எழுதி, பெயர்களும் கொடுத்திருந்தார். லிபானும் வர்சமேயும் அடுத்தடுத்து இருந்தார்கள். நான் மெதுவாக வாசித்து முடித்தேன்.

"திருப்பி வாசியும்" என்றார் யூசுப்.

வாசித்தேன்.

"ரெண்டு பேரையும் நம்பேலாதாம்" என்று ஜாமா சொல்ல, யூசுப் சிரிக்கத் தொடங்கினார். அந்த அமைதியான மண்டபத்தில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். காவலாளி வந்து எங்களை வெளியே போய்ச் சிரிக்கச் சொன்னார். நல்ல மனுஷன்.

திரும்பும் ரயிலில் இருவரும் ஒரே இருக்கையில், மண்டபத்துக்கு எத்தனை ஆடு என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எதிர் இருக்கை. அவர்களைப் பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, என்னை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை கொண்டுபோங்கள், பேனை வேண்டாம், பென்சில் மட்டும். திறக்கும் நாட்கள் மாறியிருக்கும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ரயில் பாதைகளின் பெயரும் மாறிவிட்டது, பாதை அதேதான். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஒரு கட்டோடு எழும்பி வந்துவிடாதீர்கள், அடுத்ததையும் கேளுங்கள். எங்களுக்குக் கலியாணம் கிடைத்தது இரண்டாவது கட்டில்தான்.

அன்று பின்னேரமே அக்காவுக்கு எழுதினேன்: "பொடியன் ஒழுங்கா வேலைக்குப் போறான். குடிக்கிறதில்லை. தாயோட மரியாதையாக் கதைக்கிறான். பூட்டன் ஆரெண்டு நான் கேக்கேல்லை. இனிக் கேக்கவும் மாட்டன்."

அக்கா அதற்குப் பதில் எழுதவில்லை. நாலு மாதம் கழித்து, அக்கா மகளுக்கும் அந்தப் பொடியனுக்கும் என்று கலியாணக் கார்ட் மட்டும் வந்தது.