பொன்னுக்கு வீங்கிய அரசி

வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப்பில் என் முகம் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக நின்றபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு கன்னமும் வீங்கி, அதன்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலி தொப்புள்வரை தொங்க, உலகத்தையே வெறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். ஊரில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. இத்தனைக்கும் காரணம் என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மக்காச்சோள மூட்டை அடுக்கும் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு வரைந்துகொண்டே இருப்பாள். ஓவியராக ஆவது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சென்னையில் இருக்கும் ஓவியக் காலரிகளுக்கெல்லாம் படங்களை மெயிலில் அனுப்புவாள். பெரும்பாலும் பதில் வராது. ஒரே ஒரு இடத்திலிருந்து, இதற்கு முன் தனியாக எத்தனை கண்காட்சி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

“கண்காட்சி வைக்கணும்னா ஏற்கெனவே கண்காட்சி வச்சிருக்கணுமாம் அண்ணி” என்றாள் அம்மாவிடம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அப்ப மொத கண்காட்சிய எங்கதான் வைக்கிறது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

உள்ளூரில் மட்டும் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. கட்சிக்காரர் ஒருவர் சுவரில் தலைவர் படம் வேண்டும் என்று வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், ரேஷன் கார்டில் இருந்த தன் மாமனாரின் படத்தை எடுத்து வந்து, கொஞ்சம் தலைமுடி வைத்து வரைந்து தரச் சொன்னார். கூலி என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நம்ம வூட்டுப் பொண்ணுதானே என்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தம்பிக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று என்னை மூட்டை அறையில் படுக்க வைத்தார்கள். தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். அத்தைக்குச் சின்ன வயதிலேயே அது வந்துபோய்விட்டதால் அவள் மட்டும் என்னோடு இருந்தாள். “மூஞ்ச ஆட்டாதடி” என்று அவ்வப்போது சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் முருங்கை மரத்தை வரைகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரைந்தது என்னைத்தான் என்று தெரிந்தபோது சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கக்கூட வழியில்லை. வாயைத் திறந்தால் வலி உயிர் போனது.

படத்துக்கு ‘அரசி’ என்று பெயர் வைத்து அன்றைக்கே போனில் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டாள். அதற்கு முன் அவள் போட்ட படங்களுக்கு அவளோடு படித்தவர்கள் மட்டும்தான் லைக் போடுவார்கள். இதற்கு எங்கெங்கிருந்தோ வந்து விழுந்தது. துபாயில் வேலை பார்க்கும் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், “மாஷா அல்லாஹ், எம் பொண்ணும் இப்புடித்தான் மொறைக்கும்” என்று எழுதியிருந்தார். அத்தை அதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த லைக்குகளைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. யாரும் கூப்பிட்டுக் கண்காட்சி வைக்கப்போவதில்லை, நாமே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது. பெரம்பலூரில் அப்பாவுக்குத் தெரிந்தவரின் மண்டபம் ஒரு நாளைக்குச் சும்மா கிடைத்தது. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

“இந்த ஒரு தடவதான். ஒண்ணும் ஆவலைன்னா பேசாம அந்த ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா சேந்துடணும்.”

அந்தத் தனியார் பள்ளிக்கு அவள் ஏற்கெனவே ஒருமுறை போய்விட்டு வந்திருந்தாள். அங்கே அவள் வரைந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். இருந்தும் அப்பாவிடம் சரி என்று தலையாட்டினாள்.

அடுத்து விளம்பரம். பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தவர் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மூன்று விதமான பிளக்ஸ்தான் அவர் வாழ்க்கையில் அடித்திருந்தார். என் முகத்தைப் பெரிதாக்கி, ‘ஓவியக் கண்காட்சி’ என்பதை அடியில் சின்னதாகப் போட்டு, அழகுக்காக இருக்கட்டும் என்று ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும் வைத்துக் கொடுத்துவிட்டார். அத்தை அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பிளக்ஸ் அடிக்க நேரமில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு காதணி விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கீழே இருந்த எழுத்தை டீக்கடையின் தகரம் மறைத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது என் முகமும் குத்துவிளக்கும்தான்.

மறுநாள் காலையில் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பூலாம்பாடிப் பெரியம்மா, அம்மாவின் அக்கா, மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் போகும்போது பிளக்ஸைப் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்தது நான். என்னைப் பார்த்ததும் அழுகை பாதியில் நின்றுபோனது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“நீ இருக்கியாடி?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு, கையில் வைத்திருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அப்பா அன்றைக்குப் போட்ட சத்தத்தில் தம்பி பயந்து அழுதான். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், “ஒருத்தராவது படத்தப் பாத்துட்டு பஸ்ஸ விட்டு எறங்கி வந்தாங்கல்ல அண்ணா” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பே என்னைக் கண்டதும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றது. அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் கவலை இல்லை.

கண்காட்சி நாளும் வந்தது. அழைப்பிதழை அச்சகத்தில் பழக்கதோஷத்தில் ‘சுற்றமும் நட்பும் சூழ வருக’ என்று அடித்திருந்தார்கள். சுற்றம் வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் பட்டுப் புடவையும் பழத்தட்டுமாக இறங்கினார்கள். வாசலில் சந்தனமும் கற்கண்டும் இல்லை என்று ஒரு மாமாவுக்கு வருத்தம். “பந்தி எத்தன மணிக்கு?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாம்பார் சாதத்துக்குச் சொல்ல ஹோட்டலுக்கு ஓடினார்.

சுவரெல்லாம் அத்தையின் படங்கள். வந்தவர்கள் வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அவற்றைப் பார்த்தார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளத்தை அவள் பெரிதாக வரைந்திருந்தாள். மாமா அதற்கு முன்னால் நின்று, “பச்சையே காணுமே, ரெண்டு தென்ன மரம் போட்டிருக்கலாம்ல” என்றார். ஒரு சித்தி, பிரேம் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தாள். இன்னொருவர் போனை நீட்டி, இதில் இருக்கும் தன் பேரனை இப்படியே வரைந்து தர முடியுமா என்று கேட்டார். அத்தை ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். நேரம் ஆக ஆக அந்தச் சிரிப்பு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது மாதிரி ஆகிவிட்டது.

என் பாடு அதைவிட மோசம். ‘அரசி’யின் பக்கத்தில் என்னை நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். “இதையெல்லாமா வரைவாங்க? நாளைக்கி இவளக் கட்டிக் குடுக்க வேணாமா?” என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்டாள். நான் மணமகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து காலரிக்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் போன் செய்து, அடுத்த தடவை பார்க்கலாம் என்றாராம். அத்தை போனை வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பிப் போய்விட்டது. அப்பா நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒருவர் வந்தார். அரியலூரில் குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர். காரில் போகும்போது பிளக்ஸைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நேராகப் போய் ‘அரசி’யின் முன்னால் நின்றார். எனக்குக் கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது.

“நீங்க வரைஞ்சதாம்மா? வீக்கம் காதுக்குக் கீழ கரெக்டா இருக்கு. எங்க ஆஸ்பத்திரியில மாட்டணும், விலைக்குக் குடுங்க. கீழ மட்டும் ‘பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பூசி உண்டு’ன்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“அது நோய்ப் படம் இல்ல சார்” என்றாள் அத்தை. “எழுத மாட்டேன்.”

அப்பா நாற்காலியை மடிப்பதை நிறுத்திவிட்டார். அவள் மறுத்துவிட்டால் அந்த டாக்டரும் போய்விடுவார், அப்புறம் தெர்மாகோல்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் விடவில்லை. “சரி, படத்துல வேணாம். தனியா ஒரு அட்டையில எழுதி நாங்களே ஒட்டிக்கறோம். அதுக்கு ஆட்சேபம் இல்லியே?”

அத்தை வந்து மணமகள் அறைக் கதவைத் தட்டினாள். நான் திறந்ததும் குனிந்து, “உன்ன ஒருத்தர் கேக்கறாரு. குடுத்துடவா?” என்றாள். அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“குடுத்துத் தொலை. திருப்பி வாங்காத” என்றேன்.

அவள் சிரித்தாள், அன்றைக்கு முழுக்கச் சிரித்த மாதிரி இல்லாமல் நிஜமாகவே. படத்தைத் தானே கழற்றிக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்பா அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தின் பேச்சை எடுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. மூட்டை அறையின் மீதிப் பாதியும் அவளுக்காகக் காலியானது. அத்தை தன்னைப் பற்றிய குறிப்பில், ‘இவரது ஓவியங்கள் அரியலூரில் தனியார் சேகரிப்பில் உள்ளன’ என்று சேர்த்துக்கொண்டாள். அம்மா, “ஆஸ்பத்திரியிலதானே இருக்கு?” என்று கேட்டாள். “அதுவும் தனியார்தான் அண்ணி” என்றாள் அத்தை.

மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பெரம்பலூரில் இல்லாத டாக்டரா என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், எங்களையும் இழுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள் அத்தை. ஆஸ்பத்திரியில் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் நான். கீழே ஒரு பெரிய அட்டை ஒட்டியிருந்தார்கள். படத்தின் அடியில் அத்தை போட்டிருந்த கையெழுத்து அதில் முழுக்க மறைந்துபோயிருந்தது. அம்மாதான் முதலில் அதைக் கவனித்துவிட்டு, “போய்க் கேளேன்” என்றாள். அத்தை எழுந்திருக்கவில்லை. யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்ளப்போகிறார்கள் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு சின்னப் பெண்ணை அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்று கத்திக்கொண்டே வந்தவள், எங்களுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தாள். அழுகை நின்றது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மெல்லத் தாடையைத் தூக்கி, சுவரில் நான் முறைப்பது மாதிரியே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். டோக்கன் அத்தையின் கையில் இருந்தது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அத்தை, நம்ம நம்பர் போவுது, எந்திரி!”

“இருடி” என்றாள், என் பக்கம் திரும்பாமலே. “அந்தப் புள்ள இன்னும் பாத்து முடிக்கல.”

யாரோ ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து முடிப்பதற்கும் எங்கள் டோக்கனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவள் விரல்களைப் பிரித்து டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு, வந்த எரிச்சலில் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தபடி, அம்மாவின் பின்னால் உள்ளே போனேன்.