வினைச்சொல்லாக நின்ற நாட்கள்

கோச்சடையில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் நான் சில மாதங்கள் வினைச்சொல்லாக இருந்திருக்கிறேன். அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அந்த வீட்டில்தான் இருந்தோம். அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கணினி வழியாக ஆங்கிலத்திலேயே நேர்காணல் நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஆங்கில வார்த்தைகள் நிறையத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அவை தமிழ் வரிசையிலேயே வந்து விழும். ‘நர்ஸ் டேப்லட் கேவ்’ என்பாள். அடுத்த கணமே தப்பு தெரிந்து நெற்றியில் தட்டிக்கொள்வாள். எழுதும்போது சரியாக வருவது பேசும்போது வரவில்லை. அதனால்தான் எங்களையே வார்த்தைகளாக நிறுத்திப் பழக ஆரம்பித்தாள்.

பெரியம்மா நர்ஸ். பெரியப்பா மாத்திரை. நான் ‘கொடுத்தாள்’. தமிழில் நிற்கும்போது தண்ணீர்த் தொட்டியோரம் கடைசி ஆள் நான். அம்மா கை தட்டியதும் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நுழைய வேண்டும். உடனே அம்மா அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்வாள். ஆரப்பாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அடைத்துவிட்டு வந்த பெரியப்பா, சட்டைகூட மாற்றாமல் நிற்பார்.

“பகலெல்லாம் கடையில நின்னுட்டு வாரேன். இங்க வந்தா மாத்திரையா நிக்கச் சொல்ற. ஒரு நாளைக்காச்சும் டாக்டரா நிக்கவிடு தாயி.”

“நீங்க அசையாம நில்லுங்க அத்தான், போதும்” என்பாள் அம்மா.

வாக்கியத்துக்கு வாக்கியம் மற்றவர்கள் மாறினார்கள். ஓடுகிறவள் மட்டும் நான்தான். ஆங்கிலம் என்பதே என்னை நடுவில் நிறுத்துவதற்காக ஏற்பட்ட மொழி என்று எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நேர்காணல் அன்று, பெரியம்மாவின் மகனான அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்து, எதிரே அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அதன் பின்னால் நாங்கள் மூவரும் சுவரோரம் சத்தமில்லாமல் நின்றோம். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அம்மா தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு திரையில் இருந்த பெண்மணி சிரித்தபடி வீட்டைப் பற்றி ஏதோ கேட்டார்.

“மை டாட்டர்…” என்று ஆரம்பித்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓரடி முன்னால் வந்து, தன் நெஞ்சில் கை வைத்தாள். பெரியப்பாவைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். என்னைக் கடைசிக்கு இழுத்தாள்.

“பெரியம்மா, நான் நடுவுலதான நிக்கணும்” என்று கிசுகிசுத்தேன்.

“இன்னைக்கு நீ அங்கிட்டு நில்லு கண்ணு.”

அம்மா எங்களைப் பார்த்தாள். பிறகு நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்: “மை சிஸ்டர் வில் லுக் ஆஃப்டர் மை டாட்டர்.”

வேலை கிடைத்தது. அம்மா போனாள். பள்ளிக்கூடம் முடிகிறவரை எனக்குத் தலை பின்னிவிட்டது பெரியம்மா. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், காய்ச்சலில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் பெரியப்பா. அம்மா அங்கே தைரியமாக வேலை பார்த்ததும், நான் இங்கே குறையில்லாமல் வளர்ந்ததும் அவர்கள் இருவரால்தான். அதை இருவரும் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு லேப்டாப்பை மூடியதும் அம்மா எழுந்து வந்து பெரியம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். பெரியம்மாவும் அழுதாள். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்கியத்தில் ஏதோ தப்பு வந்துவிட்டது, அதற்குத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துச் சமாதானம் சொன்னேன்.

“அழாதம்மா. அம்புட்டு வார்த்தையும் சரியான எடத்துலதான் நின்னுச்சு.”