கலவை காயும் நேரம்

ஏழாவது துண்டு

ஏழாவது கண்ணாடித் துண்டையும் விளக்குக்கு அடியில் வைத்துக் கம்பியைப் பொருத்தினேன். மீட்டரில் எண் ஏறியது. வேண்டிய அளவில் பாதிக்கு வந்து நின்றுகொண்டது. பிளாஸ்டிக்கில் சூரிய மின்கலம் செய்யும் தொழிலில் செத்த செல் தொல்லை தராது, காரணம் தெரிந்துவிடும். அரை உயிரோடு இருக்கும் செல்தான் ஆளைத் தின்னும். ஏதாவதொரு ஆய்வகத்தில் கரைசலைக் கலக்கிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரே ஒரு செல் இதைப்போல இரு மடங்கு கொடுத்தது. எங்கள் பேராசிரியர் அதை ஆண்டறிக்கையில் சேர்த்துவிட்டார். இரண்டு நாள் விடாமல் கலக்கியதன் பலன் என்று காரணமும் எழுதினார். வரும் செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதேபோல் புதிதாக ஒன்றைச் செய்து அவர்கள் முன் அளந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் என் உதவித்தொகை அந்த மாதத்தோடு நிற்கும், பட்டமும் பாதியில் போகும். பக்கத்து மேசை ஷாகுல், ஒரு வருடம் மூத்தவன், மீட்டரை எட்டிப் பார்த்தான். "ஒரு தடவ மட்டும் வந்தா அது ரிசல்ட் இல்லடா, விருந்தாளி," என்றான்.

இரண்டு சரக்கு

இந்த செல்லில் இரண்டு சரக்கு. ஒன்று வெளிச்சத்தை வாங்கும் பாலிமர். மற்றது, அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும் கருந்தூள். இரண்டும் ஒட்டி இருந்தால்தான் மின்சாரம் பிறக்கும். ஆனால் ஒன்றோடொன்று முழுக்கக் கரைந்துபோனால் பிறந்த மின்சாரத்துக்கு வெளியே வர வழி இல்லை, பிறந்த இடத்திலேயே சாகும். கலக்கவும் வேண்டும், கொஞ்சம் பிரிந்து நிற்கவும் வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

நான் தூளைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு நாள் கலக்கினேன், மூன்று நாள் கலக்கினேன். அதே பாதி. அந்த வாரம் பாகூரிலிருந்து அப்பா போன் செய்தார். திருபுவனையில் ஒரு சோப்புக் கம்பெனியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். செவ்வாய் வரை பொறுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா மாவு கரைக்கிற, இன்னும் ஒரு தோசகூட ஊத்தலியேடா."

பன்னிரண்டரை

இந்த ஊரில் மதியம் கடைகூட மூடிவிடும். எங்கள் கட்டடமும் அப்படித்தான். உதவியாளர் மரி அக்கா பன்னிரண்டரைக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டிவிட்டு, குருசுக்குப்பத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு வந்து திறப்பார். எனக்கு அந்த இரண்டரை மணி நேரம் வீணாவதாகப் பட்டது. வியாழக்கிழமை கெஞ்சிக் கூத்தாடிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் நான் எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடித் துண்டைச் சுழற்றி, நடுவில் சொட்டு விட்டு, பரவிய ஈரப் படலத்தை மின்விசிறிக்குக் கீழே வைத்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். உடனே அடுத்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மதியம் சாப்பிடாமல் முன்னூறு செல்லுக்கு ஆர்டர் வாங்கியவன் போலச் செய்தேன். ஒன்றுகூடப் பாதியைத் தாண்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பி வாங்கும்போது அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சோறு துன்னப் போவாத எடத்துல எதுவும் வெளங்காது தம்பி," என்றார்.

எழுதாத நேரம்

திங்கள் காலை ஷாகுல் என் குறிப்பேட்டைப் பிடுங்கி, அந்த ஒரு நல்ல செல்லின் பக்கத்தை வரி வரியாகப் படித்தான். படலம் போட்டது பன்னிரண்டு இருபத்தெட்டு. அடுத்த வரி, அலுமினியம் பூச்சு, மூன்றேகால். "நடுவுல மூணு மணி நேரம் எங்கடா?" என்றான். அறை பூட்டியிருந்தது, அதனால் எழுதவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மற்ற எல்லாப் படலங்களும் விசிறிக் காற்றில் காய்ந்தவை. அது மட்டும்தான் ஈரத்தோடு உள்ளே மாட்டிக்கொண்டது.

பெருக்கிக்கொண்டிருந்த மரி அக்காவிடம் ஓடினேன். பூட்டும்போது என் மேசையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விசிறியை நிறுத்துவாராம். ஈரமாக ஏதாவது இருந்தால் கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து மூடிவைப்பாராம். தப்புக் கண்டுபிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "மேலேருந்து சுண்ணாம்பு உழுந்தா என்னயதான திட்டுவீங்க?"

மூடி

அன்று பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஒரே ஒரு படலம் போட்டேன். அக்காவே மூடினார், பூட்டினார். நானும் ஷாகுலும் போய்ச் சாப்பிட்டோம். மூன்று மணிக்குப் படலம் வழக்கமான ஆரஞ்சில் இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அலுமினியம் பூசி, அளக்காமல் குழுவுக்காக எடுத்துவைத்தோம். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆண்டறிக்கையை எடுத்து, தான் எழுதியிருந்த காரணத்தைப் பார்த்தார். "நாளைக்குக் கேட்டா, சோதிச்சுப் பாத்து இந்த நேரத்த முடிவு பண்ணோம்னு சொல்லு," என்றார்.

செவ்வாய்க்கிழமை குழுத் தலைவரான அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மீட்டருக்கு அருகில் குனிந்தார். எண் பாதியைத் தாண்டியது. பழைய அளவைத் தொட்டது, ஒரு முடியளவு தாண்டியும் போனது. அம்மாள் என் குறிப்பேட்டில், படலம் தட்டுக்கடியில் மூடியிருந்த நேரத்தைப் பார்த்தார். "மெதுவாக் காய விட்டிருக்கீங்க. ரெண்டரை மணி நேரம்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் முடிவு பண்ணவில்லை, மேடம், மதியம் இங்கே பூட்டிவிடுவார்கள் என்றேன். "யாரு பூட்டுறது? கூப்பிடுங்க," என்றார்.

மரி அக்கா முந்தானையில் கை துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். தட்டால் முழுக்க மூடுவீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். "ஒரு ஓரம் துளி தொறந்து வெப்பேம்மா. இல்லன்னா மருந்து வாடை உள்ளாரயே நின்னு, எடுக்கச்சொல்ல மூஞ்சில அடிக்கும்." அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என் உதவித்தொகைப் படிவத்தை இழுத்து, நீட்டிப்பு என்ற கட்டத்தில் குறியிட்டார்.

கலக்கத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது, கலக்கியதை விட்டு எழுந்து போகத் தெரிந்துகொள்ள ஒருவர் வந்து என்னை வெளியே தள்ளிப் பூட்ட வேண்டியிருந்தது.

"மொதல்லேருந்து சொல்லுங்க," என்றார் அம்மாள். மரி அக்கா நின்றபடியே தொடங்கினார். பேராசிரியர் எழுந்து, தன் நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.