செக்போஸ்ட் அண்ணனின் இடுப்புப் பட்டை

எங்கள் ஆய்வகத்தின் பம்பு மெக்கானிக்கை எல்லோரும் செக்போஸ்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருப்பார். போன், சாவிக்கொத்து, காந்த மூடி வைத்த கைப்பை, எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பேராசிரியரையே மறித்து, "சார், போன் உறையில காந்தம் இருக்கு, வச்சிட்டு வாங்க" என்பார். தயவு தாட்சண்யமே கிடையாது.

காரணம் இருந்தது. அண்ணனின் பம்பு காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலத்துக்குள் வாயு மூலக்கூறுகள் மேல் லேசர் ஒளி படும். எலக்ட்ரான்கள் தெறித்துத் திரையில் வளையமாக விழும்; அதைப் படம் எடுப்போம். எந்தத் திசையில் எத்தனை போகிறது என்று எண்ணுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. பக்கத்தில் ஒரு காந்தம் இருந்தால் போதும், எலக்ட்ரான் வழி மாறிவிடும்.

இடமும் வலமும் சமமாக விழவேண்டும். எனக்கோ ஆறு வாரமாக இடப்பக்கமே சாய்ந்தது. லேசர் எனக்கு ஒதுக்கியிருந்ததே எட்டு வாரம்தான். விட்டால் அடுத்த வருஷம். எரிச்சலில் அண்ணன் மேலும் பாய்ந்தேன். "உங்க பம்பு ஆடுற ஆட்டத்துல என் படிப்பே போகப்போகுது!" மனைவியைப் பறிகொடுத்து மூன்று மாதம்கூட ஆகாத மனுஷன். பம்பைக் கழற்றி மாட்டினார். என் நாக்கில் சனி.

ஒரு திங்கட்கிழமை படங்களைத் தேதிவாரியாகப் பரப்பிப் பார்த்தேன். ஞாயிறன்று எடுத்தவை மட்டும் நேராக இருந்தன.

"அண்ணே, ஞாயிறு மட்டும் சரியா வருதே. அன்னிக்கு இங்க என்னதான் இல்ல?"

ஞாயிறு அவருக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் கலத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அழுத்தமானியைப் பார்ப்பார். காந்தத்தைத் தடுக்கும் கவசத்தில் ஓட்டை இருப்பதும் அந்த ஜன்னலில்தான்.

அவர் முகம் செத்துப்போனது. வாசலுக்குப் போய், சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து ஒரு பட்டையை அவிழ்த்துத் தட்டில் வைத்தார். முதுகுவலிக்கென்று விற்கிறார்களே, காந்தம் வைத்துத் தைத்தது, அது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நீங்களா? எங்களுக்கெல்லாம் சட்டம் பேசுற நீங்களாண்ணே?"

"அவ வாங்கினதும்மா. போறதுக்கு முந்தின மாசம். இதுல ஒரு மண்ணும் இல்லடி, நல்லா ஏமாந்துட்ட நீன்னு சிரிச்சேன். ஒரே ஒரு நாள் கட்டிப் பாருங்களேன்னு கெஞ்சினா. கட்டல. இப்ப தினம் கட்டிக்கிறேன். வெத்து ஏமாத்து வேலைதானே, இது என்ன பண்ணிடப்போகுதுன்னு நினைச்சுட்டேன். தப்புதாம்மா."

அதற்குமேல் என்னத்தைத் திட்டுவது? பேராசிரியரிடம் கவசத்தில் ஓட்டை என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே. மீதி இரண்டு வாரமும் பட்டை சாவிகளோடு தட்டிலேயே கிடந்தது. படங்கள் நேராக வந்தன. ஆனால் தேவையானதில் பாதிகூடத் தேறவில்லை. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

லேசர் என் கையில் இருந்த கடைசி நாள், நான் பழைய படங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார்.

"ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தருவியாம்மா? நல்லா சாஞ்சதா."

"எதுக்குண்ணே?"

"ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு சொன்னேனே அவகிட்ட." சாய்ந்த வளையத்தின்மேல் விரலை வைத்தார். "பாரு, எவ்வளவு தூரம் தள்ளியிருக்கு."

சொல்லும்போதே உடைந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை. பிறகு படத்தைக் கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டிலிருந்த பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.