ஒட்டடைக்குச்சியின் கண்மட்டம்

எங்கள் சட்டைக் கம்பெனியின் எலக்ட்ரீஷியனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆறடி நாலங்குலம், சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. வேலைக்கு வந்த முதல் வாரமே ஒட்டடைக்குச்சி ஆகிவிட்டார். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்கவும் மாட்டார்.

அவர் வீட்டில் ஆணி அடித்த இடமெல்லாம் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். கண்ணாடி, கடிகாரம், டப்பா வைக்கும் பலகை எல்லாமே. மனைவியோ அவர் தோள் உயரம்கூட வரமாட்டார். நான் ஒருமுறை போயிருந்தபோது அந்த அம்மா ஒரு கையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டே சமையலறையைச் சுற்றினார்.

"கல்யாணமான வாரமே இத வாங்கிட்டேங்க. இவர் இல்லாமகூட குடும்பம் நடத்திடுவேன், இது இல்லாம முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் மடிப்புப் பிரிவில் இருந்தவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், பிள்ளை உண்டானபோது வேலையை விட்டுவிட்டார்.

தொழிலாளர் துறையிலிருந்து வருஷா வருஷம் ஓர் அறிவிப்புத் தாள் வரும். வேலை நேரம், விடுப்பு, விபத்து என்று தொழிலாளிக்கு உள்ள உரிமை எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும், மாட்டியதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். மாட்டுவது ஒட்டடைக்குச்சி. படம் பிடித்து அனுப்புவது குமாஸ்தாவான நான்.

ஏனோதானோ என்று ஒட்டுகிற ஆள் இல்லை அவர். ஒரு வரி விடாமல் படிப்பார். கண்ணாடி ஃபிரேமில் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வருகை பதியும் பஞ்ச் மெஷினுக்கு மேலே திருகாணி முடுக்குவார். தள்ளுவண்டி இடிக்காது, அழுக்குக் கை படாது. பதினொரு வருஷத்தில் அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை.

போன மாதம் ஒரு காலை, மடிப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி என் மேஜையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. செருப்புக்குள் கால் நுழையாத அளவுக்கு வீக்கம்.

"நாள் முழுக்க நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், மேடம். வேற வழியில்ல" என்றாள். வேலையை விட அவளுக்கு மனசே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேனேஜர் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

என் அறையில் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்த ஒட்டடைக்குச்சி திரும்பினார்.

"ஏம்மா, உட்கார்ந்து செய்யற வேலை கேட்கலாமே? கொடுத்தே ஆகணும். அதான் போர்டுல போட்டிருக்கே, மூணாவது பத்தி."

"எந்த போர்டுண்ணே?"

"பஞ்ச் மெஷினுக்கு மேல."

"அதுவா? ஏதோ சர்ட்டிபிகேட்னு நினைச்சேன்."

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அவர் மெல்ல முட்டியை மடக்கி, அவள் உயரத்துக்கு இறங்கி மேலே பார்த்தார். கண்ணாடியில் ட்யூப் லைட் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. எழுத்து தெளிவாக விழ வேண்டும் என்று, வருஷா வருஷம் நாற்காலியில் ஏறி நின்று படம் எடுத்தவள் நான்தானே. இறங்கியதும் நாற்காலியை எடுத்த இடத்தில் போட்டுவிடுவேன். அதற்கு மேல் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவர் ஃபிரேமைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் விரல் வைத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னிடம் கடிதத்தைத் திரும்பக் கேட்டாள்.

நாலு மணிக்கு அவள் போய் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டதும் மேனேஜருக்கு முகம் சுருங்கியது. "இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது?" என்றார்.

"நீங்க மாட்டச் சொன்ன பேப்பர்தான் சார்" என்றேன். மறுநாளே அவளை பட்டன் சரிபார்க்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள்.

அன்று ஒட்டடைக்குச்சி டேப்போடு வந்தார். சுவரில் அளந்து பென்சிலால் கோடு போட்டார். நாலடி எட்டங்குலம்.

"எப்படிண்ணே கணக்கு?" என்றேன்.

"எங்க வீட்ல அவ கண்ணுக்கு நேரா அளந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எட்டு வருஷம் முன்னாடி அவளுக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சு. அப்பவும் அந்த வரி இருந்தது, மேடம். அவ படிச்சிருப்பா, அவளுக்கே வேலைக்கு வர இஷ்டம் இல்லாமத்தான் விடறான்னு நான் நினைச்சேன். நேத்து கேட்டேன். 'நீங்கதானே மாட்டினீங்க, அப்படி ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களான்னு நினைச்சேன்'ங்கறா."

நான் தரையில் நின்றபடியே படம் எடுத்தேன். அவர் கூனிக் குறுகி உட்கார்ந்து கடைசித் திருகாணியை முடுக்கினார்.

எழுந்தவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கேட்டார்.

"மடிப்புல ஆள் எடுக்கறாங்களா, மேடம்?"