தோற்பதற்காக மன்ஹைம் போன கதை

நானும் குகனும் டுசல்டோர்ஃபில் பதினெட்டு ஆண்டுகள் ஒரே மளிகைக் கடையை நடத்தியவர்கள். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெரிய ஆட்டம் வந்தால் பந்தயம் கட்டுவோம். காசுக்கு அல்ல. தோற்றவன் வென்றவனின் வீட்டுக்குப் போய், அவன் அடுப்பில் நண்டுக்கறி காய்ச்ச வேண்டும். அதுதான் சட்டம்.

இரண்டாவது கடை திறக்கும் பேச்சில் என் வாய் கெட்டது. "முதல் போட்டது நான், நீ கையைத்தானே போட்டனி" என்றேன். குகன் மன்ஹைமுக்குப் போய்த் தனிக்கடை போட்டான். மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லை.

போன தை மாதம் எங்கள் அணிக்கு மன்ஹைமில் ஆட்டம். எங்களவர்கள் அட்டவணையில் கடைசி. பந்தயக் கடைப் பலகையில் நாங்கள் வென்றால் ஐந்து மடங்கு போட்டிருந்தார்கள். அதாவது வெல்ல மாட்டோம். குகனுக்கு எழுதினேன்: "ஞாயிறு நான் எங்கட பக்கம், நீ மன்ஹைம். பழைய பந்தயம்." பார்த்துவிட்டான், பதில் இல்லை. ஆட்டம் தொடங்கும்வரை மறுக்காவிட்டால் சம்மதம் என்பதும் பழைய சட்டம்தான். சும்மா போய்க் கதவைத் தட்ட எனக்கு முகமில்லை. தோற்றவனாகப் போனால் அவன் திறந்துதானே ஆகவேண்டும்?

காலை 9.27 ரயில், மூன்று வாரம் முன்னே எடுத்ததால் 27.99 யூரோ. இரண்டு மணி நேரப் பயணம். குளிர்ப்பையில் இரண்டு கிலோ நண்டு, கறித்தூள், ஒரு பிடி முருங்கை இலை. அரங்குக்குள் பெரிய பை விட மாட்டார்கள். ரயில் நிலையப் பெட்டகத்தில் 6 யூரோவுக்கு வைத்துப் பூட்டினேன்.

அரங்குக்கு டிராமில் போனால் பதினைந்து நிமிடம்தான். நான் டாக்சி எடுத்தேன், காரணம் இருந்தது. ஓட்டுநர் தம்பி யாழ்ப்பாணம். என் கழுத்தில் கிடந்த எங்கள் அணிச் சால்வையைப் பார்த்துச் சிரித்தார்.

"தோக்கிறதைப் பாக்கவோ அண்ணை இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம், தோக்கத்தான் வந்தனான்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ!"

"குகன்ர கடைப் பக்கத்தால போங்கோ."

"இண்டைக்குப் பூட்டு அண்ணை. ஞாயிறெல்லோ."

"தெரியும். மெல்லமாப் போங்கோ."

கண்ணாடிக்குப் பின்னால் அரிசி மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தான். எங்கள் கடையில் அவன் அடுக்கிய அதே அடுக்கு. என் கடை ஆட்களுக்கு அந்த அடுக்கு இன்னும் வரவில்லை. அந்தச் சுற்றோடு டாக்சி 24 யூரோ.

ஆட்டம் பகல் இரண்டு மணிக்கு. வெளியூர் அணி ரசிகர்கள் பகுதியில் நின்று பார்க்க 20 யூரோ. தடித்த சப்பாத்து போட்டுப் போங்கள், கால் விறைக்கும். மூன்று இருபது நிமிடப் பகுதிகளில் இரண்டாவது முடிந்தபோது 2–1 என்று பின்தங்கியிருந்தோம். முருங்கை இலை வாடியிருக்குமோ என்றுதான் என் கவலை. கடைசி இருபதில் எங்களவர்கள் சமன் செய்தார்கள். முடிய நாற்பது விநாடி இருக்கும்போது இன்னொன்றும் போட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார், அவருடைய பியர் என் தோளில். எல்லோரும் பாடினார்கள். வாழ்க்கையில் வென்றுவிட்டு நான் வருந்திய நாள் அது ஒன்றுதான். வென்றவன் எப்படி மற்றவன் வீட்டுக்குப் போவது?

பெட்டகத்தைத் திறந்து நண்டோடு ரயில் நடைமேடையில் நின்றேன். ரயிலுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் கைப்பேசியில் செய்தி வந்தது. குகன்.

"தோத்திட்டன். அந்தப் பழைய நண்டுச் சட்டி கிடக்கோ, எறிஞ்சுபோட்டியோ?"

"கிடக்கு" என்று எழுதினேன். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் நாள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே என் பயணக் குறிப்புகள், மன்ஹைமிலிருந்து டுசல்டோர்ஃப் வருபவர்களுக்கு. முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. ஞாயிறு வாருங்கள், என் கடையும் பூட்டுத்தான். டாக்சி வேண்டாம், நிலையத்துக்கு நானே வருவேன். நண்டு கொண்டுவரத் தேவையில்லை. இரண்டு கிலோ உறைபெட்டியில் கிடக்கிறது.