கலியாணத்துக்கு முன்னம் ஒரு கிராபிக்ஸ் காட்

கிராபிக்ஸ் காட் விக்கிற தொழிலிலை காட்டை விக்கிறது கடைசி வேலை, அதுக்கு முன்னம் ஒரு குடும்பத்தையே சமாளிக்க வேணும். கொம்பியூட்டர் கடை வைச்சு மண்டை காயிற சகோதரங்களே, உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்ற ஆக்கள் குடுத்து வைச்சவை, வாசிச்சுச் சிரியுங்கோ.

கணக்குப் பாக்கிற சாமான்

மானிப்பாயிலை என்ரை கடைக்கு வாற முக்கால்வாசிச் சனம் ஒரு பொம்பிளை நிக்கிறதைப் பாத்துப்போட்டு, கடைக்காரர் இல்லையோ எண்டுதான் கேக்கும். நான்தான் கடைக்காரர் எண்டு சொன்ன பிறகும் பின்பக்கம் எட்டிப் பாக்கிற ஆக்கள் இருக்கினம். நிரோசன் அப்பிடிக் கேக்கேல்லை, அதாலை அவனிலை எனக்கு ஒரு பட்சம். யாழ்ப்பாணத்திலை ஒரு கந்தோரிலை கிளாக்கர், முப்பது தாண்டிப்போச்சு. வீட்டிலை இருக்கிற கொம்பியூட்டரிலை பந்தடிக்கிற கேம் போட்டால், பந்து கோலுக்குள்ளை போய்க் கனநேரம் கழிச்சுத்தான் கோல் காக்கிற கோலி பாயிறானாம். படம் இழுபடாமல் ஓட மலிவா ஒரு கிராபிக்ஸ் காட் வேணும், அதுவும் கெதியா வேணும். ஏனெண்டால் அவனுக்குப் பொம்பிளை பாக்கினம், சாதகம் ஒண்டு பொருந்தியிருக்கு. கலியாணம் முடிஞ்சால் உப்பிடிச் சாமான் வாங்க ஆர் விடப்போகினம் எண்டது அவன்ரை பயம்.

தாயின்ரை பயம் வேறை. அடுத்த நாள் அவவே கடைக்கு வந்திட்டா. முந்தி வந்த நல்ல சம்பந்தம் ஒண்டு, மாப்பிள்ளை இந்த வயசிலையும் கேம் விளையாடுறான் எண்டு அயலிலை ஆரோ சொல்லிக் குழம்பிப்போச்சாம். இதுவும் குழம்பினால் தன்ரை பிள்ளை கடைசிவரைக்கும் தனிமரம்தான் எண்டு கண் கலங்கினா. எனக்குப் பாவமாய்ப் போச்சு. பிறகு குரலைத் தாழ்த்தி, என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னா: "பிள்ளை, ஆரும் வந்து கேட்டினமெண்டால் இது கணக்குப் பாக்கிற சாமான் எண்டு சொல்லும்."

கனடாவிலையிருந்து ஆலோசனை

விலை கூடின காட் வாங்கிறவன் விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு போயிடுவான். மலிவுக் காட் வாங்கிறவனுக்குத்தான் உலகத்து யோசனை எல்லாம். நாலு காட்டை மேசையிலை பரப்பி வைச்சு, நிரோசனோடை நான் தொண்டைத் தண்ணி வத்தக் கதைச்சன். காட்டிலை காத்தடிக்கிற ஃபான் எத்தனை எண்டு எண்ணாதை. மெமறி எத்தனை ஜிபி எண்டதை மட்டும் பாத்து ஏமாறாதை. உன்ரை மொனிற்றர் சின்னன், உன்ரை கேம் லேசு, இந்த நடுத்தரமான காட் காணும். பழைய காட் எண்டு மலிவா வாறது இன்ரநெற்றிலை கொயின் காசு தோண்ட இரவு பகலா ஓடிக் களைச்சது, துடைச்சு மினுக்கி வைச்சிருப்பாங்கள், தொடாதை. முக்கியமா, கேசிங் பெட்டியோடை சும்மா வந்த, கரண்ட் குடுக்கிற பவர் சப்ளையை மாத்து, அது ஒருநாள் புகைக்கும். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவன், பவர் சப்ளை எண்டோடனை யன்னலாலை றோட்டைப் பாத்தான்.

பிறகு கனடாவிலை இருக்கிற அவன்ரை தமையன் வீடியோ கோலிலை வந்தார். அவருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை. மூண்டு ஃபான் இல்லாத காட் காட்டே இல்லை எண்டார். நான் அளவு நாடாவை எடுத்து, மூண்டு ஃபான் காட் உங்கடை தம்பியின்ரை கேசிங்குக்குள்ளை போகாது எண்டு அளந்து காட்டினன். மூடியைக் கழட்டி வைச்சுப் பாவிச்சால் என்ன எண்டு கேட்டார். திறந்து வைச்சால் பல்லி போய் முட்டையிடும், பேந்து எல்லாம் சோட் ஆகும் எண்டு சொன்னன். தமையன் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து கேட்டார்: "அங்கை இன்னும் பல்லி இருக்கே?"

சந்தனப் பொட்டு

கடைசியிலை மூண்டு வருச வாரன்ரி எழுதிவிச்சு, நான் சொன்ன காட்டைத்தான் வாங்கினான். பவர் சப்ளை வாங்கேல்லை. நல்ல நேரம் பாத்துத் தானே பூட்டினவனாம். ரெண்டு நாளாலை போன் வருது: ஒரு மாற்றமும் இல்லை, கோலி இப்பவும் நித்திரை. காட் பழுது எண்டு கனடாவிலையிருந்து தீர்ப்பும் வந்திட்டுது. பழுதுச் சாமான் விக்கிறவள் எண்டு பேர் எடுத்தால் நான் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டிலை இருக்க வேண்டியதுதான். கொதியோடை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவன்ரை வீட்டுக்குப் போனன்.

கேசிங்கைத் திறந்தால், காட்டின்ரை ஃபானிலை சந்தனப் பொட்டு. தாய் புதுச் சாமானுக்கு வைச்சு விட்டிருக்கிறா, அது காய்ஞ்சு ஒட்டிப்போய்க் கிடக்கு. சுரண்டி எடுத்துப்போட்டுப் பின்பக்கம் பாத்தன். மொனிற்றர் வயர் இன்னும் பழைய இடத்திலை, மதர்போட்டிலைதான் குத்தியிருக்கு. காட்டின்ரை வாயிலை இருந்த பிளாஸ்ரிக் மூடியைக்கூடக் கழட்டேல்லை. ரெண்டு நாளும் அந்தக் காட் சும்மா வந்த விருந்தாளி மாதிரிக் குந்திக்கொண்டு இருந்திருக்கு. வயரைக் கழட்டிக் காட்டிலை குத்தினன், கோலி பாய்ஞ்சு பந்தைப் பிடிச்சான். ரெண்டு பேச்சுக் குடுப்பம் எண்டு நான் வாயெடுக்க முன்னம் அவன் முந்தீட்டான்: "அக்கா, உதைக் கனடாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதைங்கோ."

மை வாங்க வந்தவர்

எங்கடை பக்கத்திலை சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்திலை விசாரிக்காமல் விடமாட்டினம். கந்தோரடி, கோயிலடி, சலூன். என்ரை கடையும் அந்தக் கணக்கிலை சேரும் எண்டு நான் நினைக்கேல்லை. உரும்பிராயிலை வெங்காயத் தோட்டம் செய்யிற ஐயா ஒருத்தர் பிரிண்டர் மை கேட்டு வந்தார். என்ன பிரிண்டர் எண்டு கேட்டால் தெரியாதாம். மழை, வெங்காய விலை எல்லாம் கதைச்சு முடிச்சு, நிரோசன் எண்டு ஒரு பெடியன் இஞ்சை வாறவராமே எண்டு மெல்லத் தொடங்கினார். அவர்தான் பொம்பிளையின்ரை தகப்பன்.

 கணக்குப் பாக்கிற சாமான் எண்டு சொல்லி நாளைக்கு உண்மை வெளியிலை வந்தால் என்ரை பேர்தான் நாறும். உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் மனிசியின்ரை கண்ணீர் என்னைச் சும்மா விடாது. வாறது வரட்டும் எண்டு, கேம் விளையாடத்தான் ஐயா காட் வாங்கினவர் எண்டு சொல்லிப்போட்டன். கன நாள் யோசிச்சு மலிவாத்தான் வாங்கினவர் எண்டும் சேத்துச் சொன்னன். ஐயா நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். எங்கை வைச்சு விளையாடுறவர் எண்டு கேட்டார். வீட்டிலை, அறைக்குள்ளை எண்டன். ஆகக் கூடின காட் என்ன விலை எண்டு கேட்டார். சொன்னன். மெல்ல மெல்ல அவற்ரை முகம் வெளிச்சுது. மை வாங்காமலே எழும்பினார்: "றோட்டிலை நிக்காமல் அறைக்குள்ளை இருந்து, அதுவும் மலிவா விளையாடுற மாப்பிள்ளை. வேறை என்ன பிள்ளை வேணும்?"

ஹெல்மெற்றோடை வந்த பிள்ளை

தகப்பன் ஓம் எண்டால் எல்லாம் சரி எண்டு நினைச்சன், மடைச்சி. அடுத்த கிழமை ஹெல்மெற்றைக் கழட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளை வந்தாள். நேரா, நிரோசன் எந்தக் காட் வாங்கினவர் எண்டு கேட்டாள். பொம்பிளைதான், தர்சிகா எண்டு பேர். வீட்டிலை இருந்து வெளிநாட்டுக் கம்பனி ஒண்டுக்குக் கட்டப்போற வீடுகளின்ரை படம் கீறிக் குடுக்கிறவள். படத்துக்குள்ளை நடந்து திரியிற மாதிரிக் கீற வேணுமெண்டு அவள் வைச்சிருக்கிற காட்டின்ரை விலைக்கு நான் ஒரு பழைய மோட்டச்சைக்கிள் வாங்கலாம். வேலை முடிய அவளும் அதிலை கேம் விளையாடுறவளாம், தகப்பனுக்குத் தெரியாதாம்.

காட்டின்ரை பேரைச் சொன்னன். காசுக்கேத்த நல்ல தெரிவு எண்டாள். மூண்டு வருச வாரன்ரி இருக்கோ எண்டாள், ஓம் எண்டன். பவர் சப்ளை மாத்தினவரோ எண்டு கேட்டாள். இப்ப நான் யன்னலாலை றோட்டைப் பாத்தன். அவளுக்கு விளங்கீட்டுது. ஹெல்மெற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "காட்டிலை மிச்சம் பிடிச்சது நல்லது அக்கா. வீடு பத்தி எரியக்கூடிய இடத்திலையும் மிச்சம் பிடிக்கிற ஆளுக்கு நான் ஓம் சொல்லமாட்டன்."

சீதனம்

அவள் படலை தாண்ட முன்னம் நிரோசனுக்குப் போன் எடுத்தன். கலியாணம் வேணுமெண்டால் பவர் சப்ளையை மாத்து எண்டு மட்டும் சொன்னன். கேசிங்கை மடியிலை வைச்சுக்கொண்டு ஓட்டோவிலை வந்து இறங்கினான், விலைகூடக் கேக்கேல்லை. பழசைக் கழட்டினால் ஒரு பக்கம் கருகிப்போய் இருக்கு. பழசு, புதுசு ரெண்டையும் படம் எடுத்துத் தர்சிகாவுக்கு அனுப்பினன். பின்னேரம் அவளிட்டையிருந்து ஓம் வந்தது. நான் கடைக்குள்ளை தனிய நிண்டு சிரிச்சன், எனக்கே கலியாணம் சரிவந்த மாதிரிச் சந்தோசம்.

அந்தச் சந்தோசத்திலை என்ரை வாய் சும்மா கிடக்கேல்லை. கேசரியோடை வந்த தாயிட்டை, பொம்பிளையின்ரை காட் உங்கடை மகன்ரையை விடக் கன மடங்கு பெரிசு எண்டு சொல்லிப்போட்டன். அவ யோசிச்சா. எங்கடை பக்கத்து வழக்கப்படி பொம்பிளை பகுதி குடுக்கிற வீடு, நகையோடை அந்தக் காட்டையும் சீதனத்திலை சேக்கலாமோ எண்டு பொம்பிளையிட்டை ஒருக்கால் கேட்டுப் பாரும் எண்டா. எனக்கு இது தேவையோ? ஆனாலும் கேட்டன். தர்சிகா கோவிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை: "காட் என்ரை மேசையிலைதான் இருக்கும் அக்கா. கலியாணம் முடிஞ்சு எங்கடை வீட்டுக்கு வரேக்கை அவர் தனக்கு ஒரு கதிரை கொண்டு வரட்டும்."

கிராபிக்ஸ் காட்டுக்கு மூண்டு வருச வாரன்ரி இல்லாட்டிக் கையாலையும் தொடாத அந்த ரெண்டு வீட்டுச் சனமும், கலியாணத்துக்கு ஒரு நாள் வாரன்ரிகூடக் கேக்காமல் கலியாண மேளகாரருக்குச் சொல்லிப்போட்டுதுகள்.